ஆண் குரல் நான், பெண் குரல் அவள்

திருவண்ணாமலையில் கல்யாணமாகாத இரண்டு பெண்களுக்கு வாடகை வீடு கிடைப்பது சுலபம். சென்னைக்காரர்கள் நம்பமாட்டார்கள். அங்கே ஒரு பெண் தனியாகப் போய் வீடு கேட்டால் அப்பா எங்கே, அண்ணன் எங்கே என்று ஆரம்பித்து, ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வரைக்கும் விசாரணை நடக்கும். இங்கே செங்கம் ரோட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரமணாசிரமமா, சேஷாத்திரி ஆசிரமமா?"

"ரெண்டுக்கும் போவோம்ங்க" என்றாள் இவள். சாவி கைக்கு வந்துவிட்டது.

1896இல் 16 வயதுப் பையன் ஒருவன் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பி இந்த மலையடிவாரத்துக்கு வந்து உட்கார்ந்தான். பிறகு ரமண மகரிஷி ஆனான். இப்படி வந்து சேர்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஊருக்குப் பழகிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் மற்ற ஊர்களில் ஜோசியரிடம் கூட்டிப்போவார்கள். இங்கே கும்பிடுவார்கள். நானும் இவளும் இத்தனை வருஷமாக, விலாசம் மாறி வந்த ஒரு கும்பிடில்தான் குடியிருக்கிறோம்.

எனக்கு ஞானம் தந்தது மலை இல்லை, சினிமா. அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

எங்கள் பாட்டிக்கு 'சாவித்திரி' படத்து நாரதரை ரொம்பப் பிடிக்கும். 1941இல் வந்த படம். நாரதராக நடித்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. 'கல்கி' பத்திரிகை தொடங்கப் பணம் வேண்டியிருந்ததால் அந்த ஆண் வேஷத்துக்கு ஒப்புக்கொண்டார். அதற்கும் முன்னால், 1935இல், கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்திருந்தார். பாட்டி இதையெல்லாம் சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இன்னொரு பக்கம் தெருக்கூத்து. புரிசை எங்கள் மாவட்டம்தான். மீசை மழித்த ஆம்பிளைகள் திரௌபதி வேஷம் கட்டி விடிய விடிய அழுவார்கள், ஊரும் கூட உட்கார்ந்து அழும். ஆக, வேஷம் மாற்றுவதில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஆட்சேபணையே கிடையாது. பக்தி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு சும்மா வாசலில் நின்ற என்னைத்தான் அம்மா விளக்குமாற்றோடு தேடி வந்தாள்.

அந்தச் சட்டைக்குக் காரணம் விஜயசாந்தி. தெலுங்கில் 1990இல் வந்த 'கர்த்தவ்யம்', தமிழ் பேசி 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆனது. காக்கி உடுப்பு, இடுப்பில் துப்பாக்கி, தூக்கிய முகவாய். அந்த வேஷத்துக்கு அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் போலீஸ் வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தோம். நான் எடுத்த முடிவு, போலீஸ் ஆவது இல்லை, கைதாவது. அதை வெளியே சொல்லவில்லை. 1992 பொங்கலுக்கு 'மன்னன்' வந்தது. அதே விஜயசாந்தி, கம்பெனிக்கே முதலாளி. ரஜினி வருகிறார், அறைகிறார், தாலி கட்டுகிறார், கடைசியில் முதலாளியம்மா வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்துவிடுகிறார். தியேட்டரே விசிலடித்தது. கூட வந்த அத்தை என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எவ்ளோ ஆடினாலும் கடசீல அடங்கித்தான் ஆவணும்" என்றாள். டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அதற்குத்தான் போலிருந்தது.

அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் எனக்கென்று ஒரு பாத்திரம் இல்லை. அதனால் இருந்ததிலேயே நல்ல பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். கதாநாயகன் பாத்திரம்.

கேசட் கடையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க முடியாது. வெற்று கேசட் ஒன்று வாங்க வேண்டும். அறுபது நிமிஷமா, தொண்ணூறா என்பது கையிருப்பைப் பொறுத்தது. நோட்டுத் தாளில் ஏ பக்கம், பி பக்கம் என்று கோடு போட்டுப் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிந்து தருவார். நாள் கணக்கில் இழுத்தடிப்பார். கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். அந்தப் பட்டியல்தான் எங்கள் தலைமுறையின் காதல் கடிதம். நானும் ஒருத்திக்கு எழுதினேன். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள், நன்றாகப் பாடுவாள். இளையராஜாவின் டூயட்டுகளாகப் பொறுக்கி எழுதுவேன். அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து சேர்ந்து பாடுவோம். எஸ்.பி.பி. நான், ஜானகி அவள். 'அன்பே', 'கண்ணே' என்ற விளிகளெல்லாம் அவள் அம்மா வற்றல் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து அவள் காதுக்குப் போகும். அந்தம்மா தாளம் போடுவார். யேசுதாஸ் பாட்டும் ஒன்று பாடுங்கள் என்பார்.

காதலிப்பது எப்படி என்பதற்கும் அதே நாயகன்தான் வாத்தியார். பின்னாலேயே போக வேண்டும். அவள் முறைத்தால் சிரிக்க வேண்டும். திட்டினால் பாட்டு ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாட வீதி முழுக்க அவள் பின்னால் போயிருக்கிறேன். இதையே ஒரு பையன் செய்தபோது அவள் அண்ணன் அவனைத் தேரடிப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினான். அடுத்த நாள் பையன் முகம் வீங்கியிருந்தது. நான் செய்தபோது அவள் அம்மா காபி கொடுத்தார். "நீ கூடப் போறதாலதான் எனக்கு நிம்மதி, கண்ணு."

பௌர்ணமி கிரிவலமும் அந்தத் தொண்ணூறுகளில்தான் பெருங்கூட்டமானது. ரஜினி வந்து போகிறார் என்ற பேச்சு பரவப் பரவ வெளியூர் பஸ்கள் கூடின. 1997இல் 'அருணாசலம்' என்று ஊர்ச்சாமி பேரிலேயே படமும் வந்தது. வயசுப் பெண்கள் இரண்டு பேர் ராத்திரியில் 14 கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடப்பதற்கு வேறெந்த ஊரில் பெற்றவர்கள் விபூதி பூசி அனுப்புவார்கள்? 'மன்ன'னில் எங்களை அடக்கிய மனிதர் இதையாவது செய்தாரே என்று நினைத்துக்கொள்வேன்.

1999இல் அவளுக்கு ஆரணியில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, எங்களிடம் டூயட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன, வசனம் ஒன்றுகூட இல்லை. கல்யாணம் வேண்டாம் என்கிற பெண்ணுக்குத் தமிழ் சினிமா ஒரே ஒரு வசனம்தான் எழுதி வைத்திருந்தது: நான் ஒருத்தரை விரும்புகிறேன் அப்பா. உடனே அப்பா கேட்பார், யார் அவன்? அதற்கு மேல் அவள் பேச எந்தப் படத்திலும் எதுவும் இல்லை. அவள் முதல் வசனத்தைக்கூடச் சொல்லவில்லை. தாலி கட்டிய மண்டபத்தில் கச்சேரிக்காரர்கள் எங்கள் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். நாதஸ்வரத்தில் ஆண் குரல் எது, பெண் குரல் எது என்று தெரியாது, அது ஒரு சௌகரியம்.

அதற்கு முந்தைய வருஷக் கடைசியில் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. தீபா மேத்தாவின் 'ஃபயர்'. 1996இல் எடுத்த படம், இந்தியாவில் 1998 நவம்பரில் வெளியானது. டிசம்பரில் பம்பாயிலும் டெல்லியிலும் சிவசேனைக்காரர்கள் தியேட்டர்களை உடைத்தார்கள். ஒரே வீட்டின் இரண்டு மருமகள்கள் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ராதா, சீதா என்று பேர் வைத்ததுதான் பெரிய குற்றம். இந்தியில் சீதாவை நீத்தா ஆக்கியும் கல் நிற்கவில்லை. எங்கள் ஊர் தியேட்டருக்கு அந்தப் படம் வரவில்லை, வந்தது செய்திதான். படத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று கண்ணாடியை உடைத்தவர்கள்தான், இப்படியும் பெண்கள் உண்டு என்பதைத் திருவண்ணாமலை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பிற்பாடு அந்தப் படத்தைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அதில் ரஹ்மான் 'பம்பாய்' படத்துக்குப் போட்ட அந்தப் புல்லாங்குழல் இசை வருகிறது. அந்த கேசட் 1995 முதல் எங்கள் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என் அப்பாவுக்கு மிகவும் பிடித்த இசை.

2002இல் 'அழகி' வந்தது. நந்திதா தாஸைப் பார்த்து ஊரே மூக்கைச் சிந்தியது, பள்ளிக்கூடக் காதலை நினைத்து. நானும் அழுதேன். அவர் 'ஃபயர்' படத்துச் சீதா என்பதை நினைத்து. அதே காலத்தில் பாட்டு சேனல்களில் இரண்டு ருஷ்யப் பெண்கள் மழையில் நனைந்து முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமாக சேனல் மாற்றுவதும் திரும்ப வருவதுமாக இருந்தேன். அப்புறம் அது விற்பனைக்காகச் செய்த நடிப்பு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். தமிழில் 2006இல் 'வேட்டையாடு விளையாடு' வந்தபோது, இரண்டு கொலைகாரர்களை அந்தமாதிரி ஆட்கள் என்று ஒரு வசனத்தில் குத்திக்காட்டினார்கள். ஆண்களுக்கு அதுவாவது கிடைத்தது. எங்களைக் கொலைகாரிகளாகக்கூட யாரும் எடுக்கவில்லை. நாங்கள் வந்தது பேப்பரின் உள்பக்கத்தில், தோழிகள் தற்கொலை என்ற தலைப்பில். 2008இல் சென்னையில் இரண்டு பெண்கள் ஒன்றாக உயிரை விட்டார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட நாற்பது வயது. அந்தச் செய்தி வந்த பேப்பரை நானும் இவளும் ஆளுக்கொரு தடவை படித்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம். அப்போது இவள் என் வாழ்க்கைக்குள் வந்துவிட்டிருந்தாள். பாட்டு இவளுக்குச் சுத்தமாக வராது.

இனி இந்தக் காலம்.

அண்ணன் மகள் வேலூரில் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் டேரா. ஒருநாள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்தே, நீங்க ரெண்டு பேரும் கப்பிள்தானே?" என்றாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். 'ம்' என்றேன். "தெரியும். ரசத்துக்குப் பெருங்காயம் போட்டீங்களா?" என்றாள். முப்பது வருஷமாக நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த காட்சி, பெருங்காயத்தில் முடிந்தது. மறுநாள் முதல் இவளை ஆன்ட்டி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பெரியத்தை என்றாள். என்னைவிட இவள் மூத்தவள், கணக்கு சரிதான்.

அப்புறம் பரீட்சை ஆரம்பமானது. உங்களில் யார் எந்த வகை? முடியை ஏன் நீளமாக வைத்திருக்கிறீர்கள்? பெரியத்தை ஏன் எப்போதும் புடவை? அவளிடம் ஒரு படம் இருக்கிறது, அதற்கு நாங்கள் ஒத்துவரவில்லை. அவள் காட்டியதையெல்லாம் பார்த்தேன். 2021இல் வந்த 'மகிழினி' பாட்டு: பரதம் ஆடும் இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள். மதன் கார்க்கி எழுதி, கோவிந்த் வசந்தா இசையமைத்தது. இரண்டு பெண்களில் ஒருவர் கௌரி கிஷன். '96' படத்தில் பள்ளிக்கூட ஜானுவாக வந்து, ராமோடு சேரவில்லையே என்று ஆயிரக்கணக்கானவர்களை ஏங்கவைத்த அதே பெண், அதே இசையமைப்பாளர். ஜானு ராமோடு ஏன் சேரவில்லை என்பதற்கு எனக்கு இப்போதுதான் திருப்தியான காரணம் கிடைத்தது என்றேன். மருமகள் சிரிக்கவில்லை. பாட்டு அழகுதான். ஆனால் அந்த அழகு எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. அரைமண்டி உட்காரத் தெரிந்தால்தான் தமிழ்ப்பெண் பெண்ணைக் காதலிக்கலாமா? பாட்டியின் காலத்துச் சட்டம் இன்னும் மாறவில்லை. கலை இருந்தால் மன்னிப்பு உண்டு.

பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' 2022இல் வந்தது. அதில் நாடகக் குழுவுக்குள் இரண்டு பெண்களின் காதல் மற்ற காதல்களோடு காதலாக, விளக்கம் கேட்கப்படாமல் இருக்கிறது. எனக்கு அது பிடித்தது. மருமகளின் தோழிகளோ தாய்லாந்துத் தொடர்களில் இருக்கிறார்கள். 'கேப்' என்று ஒன்று, கம்பெனி முதலாளியம்மாவும் அவரிடம் வேலைக்குச் சேரும் பெண்ணும். 'மன்னன்' படத்தில் ரஜினியை எடுத்துவிட்டால் வருகிற கதை. இது 1992இல் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று இவளிடம் கேட்டேன். "உனக்குத் தோணிச்சில்ல" என்றாள்.

2025 பிப்ரவரி 14 அன்று 'காதல் என்பது பொதுவுடமை' தியேட்டருக்கு வந்தது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் எடுத்தது. 2023இலேயே கோவா திரைப்பட விழாவில் இந்தியன் பனோரமாவில் காட்டிவிட்டார்கள், ஊர் தியேட்டரைப் பார்க்க அதற்கு அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. 'ஜெய் பீம்' செங்கேணியாக வந்த லிஜோமோள்தான் மகள். காதலிப்பதாகச் சொல்கிறாள். அம்மா ரோகிணி, சரி, வீட்டுக்கு அழைத்து வா என்கிறார். மகள் அழைத்து வருவது ஒரு பெண்ணை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யார் அவன் என்ற கேள்விக்கு அடுத்த வசனம்! ஆரணிக் கல்யாணத்தில் எங்களுக்கு இல்லாமல் போன அந்த ஒரு வரியைத் தமிழ் சினிமா ஒருவழியாக எழுதி முடித்திருந்தது. படம் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறது என்று மருமகள் குறைசொன்னாள். பேசட்டுமே, எவ்வளவு பாக்கி இருக்கிறது.

ஆனால் வசனம் எல்லோருக்கும் கேட்கிறது. வீட்டுக்காரரின் மருமகளும் அந்தப் படத்தைப் பற்றி செல்போனில் எதையோ பார்த்திருக்கிறாள். தண்ணீர் மோட்டார் போட வந்தவள் நின்று, எங்கள் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏங்க்கா, நீங்க ரெண்டு பேரும் சும்மா ஃப்ரண்ட்ஸ்தானா?" என்றாள். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. "சும்மா எங்க இருக்கோம், தினம் சண்டதான்" என்றாள் இவள். மோட்டார் ஓடத் தொடங்கியதால் பேச்சு நின்றது. முன்பெல்லாம் எங்களைப் பார்த்து ஊருக்கு ஞாபகம் வந்தது ஆசிரமம், இப்போது சினிமாவும் வருகிறது. அந்தக் காலமே மேல் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாதுகாப்பை நம்பியிருந்த ஒருத்தி ஆரணிக்குப் போனதைப் பார்த்தவள் நான். ஆனால் கும்பிடு வாங்கிப் பழகிய முகத்துக்கு இந்தப் பார்வை புதுசு.

கார்த்திகை தீபத்தன்று மருமகள் வேறொன்று செய்தாள். வருஷத்தில் அந்த ஒருநாள்தான், மலைமேல் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால், அர்த்தநாரீஸ்வரர் சன்னதியிலிருந்து ஆடிக்கொண்டே வெளியே வந்து சில நிமிஷம் காட்சி தருவார். உடனே மலையில் சுடர் தெரியும், அரோகரா என்று ஊரே அலறும். அம்பாள் தவமிருந்து சாமியின் இடப்பாகத்தைப் பெற்றது இந்த ஊரில்தான் என்பது புராணம். மருமகள் அர்த்தநாரீஸ்வரர் படத்தை வானவில் கொடியோடு இன்ஸ்டாகிராமில் போட்டு, எங்கள் ஊர் அப்போதே அப்படி என்று எழுதிவிட்டாள். லைக்குகள் குவிந்தன. நான் சொன்னேன்: "பாதி ஆம்பிளை, பாதி பொம்பளைடி. புருஷன் பொண்டாட்டி. ரெண்டு பாதியும் பொம்பளையா இருக்கிற உற்சவர் எந்தக் கோயில்ல கீது, சொல்லு?" கொஞ்சம் யோசித்தாள். "ஏஐ-ல பண்ணிடலாம் அத்தே" என்றாள். இந்தத் தலைமுறைக்குத் துக்கமே கிடையாது.

சினிமாவைவிட நீதிமன்றம் சீக்கிரம் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். 2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இது புரியவில்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பெழுதினார். எந்த இயக்குநராவது அப்படிச் செய்ததுண்டா? 2023இல் உச்ச நீதிமன்றம் கல்யாண உரிமையைத் தர மறுத்துவிட்டது. 2025 மே மாதம் எங்களுக்கு அடுத்த வேலூர் மாவட்டத்தில் வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவள் விருப்பம்போல் போகலாம் என்றார்கள், கல்யாணம் மட்டுமே குடும்பம் ஆவதற்கு வழி இல்லை என்றும் எழுதினார்கள். மருமகள் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, வரிசையாக நெருப்புப் பொம்மை போட்டிருந்தாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து இவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படிவம் நீட்டினார்கள். கையெழுத்திடுபவர் பெயர், முகவரி, நோயாளிக்கு என்ன உறவு. நான் பேனாவோடு நின்றேன். இதுவரை பார்த்த எந்தப் படமும் இந்த இடத்துக்கு வந்ததில்லை. எல்லாக் காதலிகளுக்கும் 25 வயது, எல்லாப் படமும் அம்மாவிடம் சொல்வதோடு முடிந்துவிடுகிறது, ஒருத்திக்கும் பித்தப்பை இல்லை. உயர் நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம்தான். ஆனால் பின்னால் வரிசை நின்றது. 'சகோதரி' என்று எழுதிக் கொடுத்தேன்.

நர்ஸ் பெண் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொல்லவே தேவையில்ல மேடம். மூக்கு அப்படியே அச்சா கீது."

பள்ளிக்கூட நாடகத்தில்கூட வேஷம் கட்டியறியாத இவள், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "எங்கப்பா மூக்கு, சிஸ்டர். ரெண்டு பேருக்கும் அதான் வந்துச்சி."